பூவாத்தா திருந்தமாட்டாள்

கண்ணு,

நீ செவ்வாய்க்கிழமை போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர் சாம்பிள் அட்டைகளையெல்லாம் சோபாவில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உங்கப்பா மஞ்சளா சிவப்பா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் "சேரி சாமி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். சம்மதம் இல்லை. பெண் வீட்டு உறவுக்காரப் பையன் யாரோ நான் பூவாத்தாவாக நடித்த பழைய டிவி நாடகத்திலிருந்து ஒரு துண்டைத் தேடிப் பிடித்துக் குடும்ப வாட்சப்பில் போட்டுவிட்டான், எல்லாரும் பார்த்துவிட்டார்கள், அதனால் மண்டபத்தில் யாராவது "பூவாத்தா" என்று கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்கக் கூடாது, அந்தப் பேச்சை வளர்க்கக் கூடாது என்று கேட்டாய். "அவங்க எல்லாம் ரொம்பப் படிச்சவங்கம்மா" என்றும் சொன்னாய். முடியாது கண்ணு. கூப்பிட்டால் திரும்புவேன். கூட நின்று போட்டோ எடுக்கக் கேட்டால் எடுத்துக்கொள்வேன். ஏன் முடியாது என்பதைத்தான் எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன் மாமனார் வீட்டிலும் கொடு. இதில் ஒளிக்கிற சங்கதி ஒன்றும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூர் கேபிள்காரர்கள் சினிமா போட்டது போக மிச்ச நேரத்துக்கு உள்ளூர் நிகழ்ச்சிகள் போட ஆரம்பித்திருந்தார்கள். கோயில் விசேஷம், பட்டிமன்றம், நகைக்கடை திறப்பு விழா, இப்படி. நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எம்.எஸ்ஸி. முடித்த கையோடு சேர்ந்த வேலை. உங்கப்பா கணபதி ஏரியாவில் கிரைண்டர் பட்டறை வைத்திருந்தார். பள்ளி ஆண்டுவிழாவில் டீச்சர்கள் போட்ட நாடகத்தில் வேலைக்காரி வேஷம் கட்ட வேண்டிய டிராயிங் டீச்சருக்கு அம்மை போட்டுவிட்டது. வசனம் எல்லாம் எனக்கு மனப்பாடம் என்பதால் என்னைத் தள்ளிவிட்டார்கள். அந்த விழாவை வீடியோ எடுத்தவர் சுந்தரம். காந்திபுரத்தில் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தவர். அடுத்த வாரமே வீட்டுக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை தோறும் அரைமணி நேரம் ஒரு காமெடி நாடகம் எடுக்கப்போவதாகவும், அதில் பூவாத்தா என்று ஒரு அசட்டுப் பெண் வருவதாகவும், அதை நான்தான் செய்ய வேண்டும் என்றும் உங்கப்பாவிடம் சொன்னார். உங்கப்பா கையில் கிரீஸோடு நின்றுகொண்டு, "ஏனுங்க, நடிக்கப்போறது அவ. என்னையக் கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்? அவகிட்டக் கேளுங்க" என்றார். நம் சொந்தத்தில் அந்தக் காலத்தில் ஒரு புருஷன் சொல்லக்கூடிய வார்த்தை அல்ல அது. அந்த மனுஷனுக்குப் பிறந்தவன் நீ. அதை ஞாபகம் வைத்துக்கொள்.

"எதுக்குங்க நானு? அசடா நடிக்க வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று கேட்டேன். "அசடு ஊருக்குள்ள நெறையாக் கெடைக்கும் டீச்சர். ஆனா அசடு வேசத்துக்கு அசடைப் போட்டா ஷூட்டிங் முடியாதுங்க" என்றார் சுந்தரம். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததையே அவர் ஒத்துக்கொண்டதாக வைத்துக்கொண்டார்.

முதல் நாள் நான் செய்ததைப் பார்த்திருந்தால் நீ இன்றைக்கு வெட்கப்படுவதில் நியாயம் உண்டு. கண்ணை உருட்டினேன், வாயைக் கோணினேன், நடையில் ஒரு கோணல் வைத்தேன். வீடியோ கடைக்குப் பின்னால் ஒரு குடோன், மேலே தகரம், சத்தம் வரும் என்று பேனை நிறுத்திவிடுவார்கள். அந்த வேக்காட்டில் நான் பாடுபட்டுக்கொண்டிருக்க, கேமராவுக்குப் பின்னால் நின்றவர்களில் ஒருத்தர் முகத்தில்கூடச் சிரிப்பில்லை. சுந்தரம் குறை ஒன்றும் சொல்லவில்லை. "நாளைக்கு இதையே மறுக்கா எடுத்துக்கலாங்க" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்தால் திருத்த வேண்டிய பரீட்சைப் பேப்பர் கட்டு மேஜைமேல் இருந்தது. ஒரு பெண் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தாள். பெருக்கல் குறி போடப் போன கை அப்படியே நின்றது. இவள் என்ன செய்திருக்கிறாள்? மேலே இருப்பதை மேலே இருப்பதோடு கூட்டினாள், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு கூட்டினாள். அவளுடைய கணக்கில் அது சுத்தமான நியாயம். அவள் யோசிக்காமல் விடவில்லை. யோசித்து, நேராக நடந்து, வேறு ஊருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறாள். இத்தனை வருடம் ஆயிரக்கணக்கில் தப்பான விடைகளைப் பார்த்த எனக்குப் பூவாத்தா யார் என்று அந்த இடத்தில்தான் தெரிந்தது. அவளுக்கு மூளை இல்லை என்று யார் சொன்னது? அவளுக்கு யாரும் முழுசாக எதையும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் கண்ணை உருட்டவில்லை. நடை கோணவில்லை. டாக்டர், "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மாத்திரை, பின்னாடி ஒரு மாத்திரை" என்று சொல்லி அனுப்புகிறார். பூவாத்தா வட்டலில் சோறு போட்டு, வட்டலுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒரு மாத்திரை, கோலப்புள்ளி மாதிரி சரியாக வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போய், "நாலு நாளா வெச்சுப் பாத்துப்போட்டனுங்க, காச்ச எறங்குலீங்க. சைடுலயும் ரெண்டு வெக்கட்டுங்களா?" என்று அக்கறையாகக் கேட்கிறாள். நான் அதைச் சாதாரண முகத்தோடுதான் கேட்டேன். டாக்டர்மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது, பாவம் இவருக்கே மருந்து சரியாகத் தெரியவில்லையே என்று. கேமராக்காரர் குலுங்கிச் சிரித்ததில் படம் ஆடிவிட்டது. மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. கேட்டுக்கொள் கண்ணு, அசடாக நடிக்கிறவர் தன்னை அசடு என்று ஒரு நொடி நினைத்தாலும் சிரிப்பு செத்துப்போகும். எதிராளியின் பேச்சு எந்த இடத்தில் இரண்டாகப் பிரிகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது முகத்தில் தெரியக் கூடாது, அரை மூச்சு நேரம் பொறுத்துத் தப்பான பக்கம் போக வேண்டும். நான் எழுதிய எந்தப் பரீட்சையும் அவ்வளவு கடினமாக இருந்ததில்லை.

பூவாத்தாளின் புருஷன் வேஷம் கதிர்வேலுக்கு. நாடகத்தில் அவர் பெரிய வக்கீல், ஊருக்கே புத்தி சொல்கிறவர். நிஜத்தில் காந்திபுரத்தில் காருக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருந்தார். நல்ல உயரம், நல்ல குரல், தங்கமான மனுஷன். வசனம்தான் தலையில் நிற்காது. அவர் என்ன பேச வேண்டும் என்பதை நான் என் வசனத்துக்குள்ளேயே கேள்வியாக நுழைத்து எடுத்துக் கொடுப்பேன். "ஏனுங்க மாமா, நாளைக்கு ஏதோ கேசுன்னீங்களே, அந்தத் தென்னந்தோப்புக் கேசுங்களா?" என்றால்தான் அவருக்கு அது தென்னந்தோப்புக் கேஸ் என்பது ஞாபகம் வரும். நாடகம் பிரபலமானதும் என்ன ஆயிற்று தெரியுமா? காரமடையிலிருந்து ஒரு விவசாயி நிலத்துப் பத்திரத்தோடு அவர் கடைக்கே வந்துவிட்டார். "நான் வக்கீல் இல்லீங்க, சீட் கவர் தெய்க்கறவனுங்க" என்று கதிர்வேல் கெஞ்சியிருக்கிறார். "பெரிய மனுசங்க எப்பவும் இப்படித்தானுங்க அடக்கமாப் பேசுவாங்க" என்று அந்த மனுஷன் பத்திரத்தைத் தையல் மிஷின்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். கதிர்வேல் எனக்குப் போன் பண்ணி அழாத குறையாகக் கேட்டார்: "டீச்சர், வில்லங்கம்னா என்னங்க?"

எனக்கு நடந்தது நேர்மாறு. தபால் ஆபீசில் பார்சல் வாங்கப் போனால், அங்கே இருந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் குரலை உயர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, "இங்க... கையெழுத்து... போடோணும். பேனா இருக்குதா அம்மணி?" என்றார். எனக்கு முதலில் சுரீரென்றது. நான் டீச்சர் என்பது பள்ளிக்கூடத்துப் பெயரோடு பார்சல்மேலேயே இருக்கிறது. பிறகு வரிசையில் நின்றவர்களைப் பார்த்தேன், எல்லார் முகத்திலும் ஒரு ஆசை. "பேனா இருக்குதுங்க. கையெழுத்தத்தான் ஊட்டுலயே வெச்சுப்போட்டு வந்துட்டேன்" என்றேன். தபால் ஆபீசே சிரித்தது. அவர் அன்றைக்கு எத்தனை பேரிடம் சொன்னாரோ. அந்த ஆளைவிட நான் கெட்டிக்காரி என்று நிரூபித்திருந்தால் அவருக்கும் எனக்கும் அந்த நாள் வீணாகப் போயிருக்கும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் வகுப்பில் ஒரு நாள் சட்டைப் பித்தான் பிய்ந்து, உதட்டில் இரத்தத்தோடு வந்தாய். யாரையோ அடித்திருந்தாய், அவனும் உன்னை அடித்திருந்தான். "என்ன சொன்னான்?" என்று கேட்டேன். "பூவாத்தா பையன்னு கூப்புடறான்." "அது பொய்யா?" இல்லை என்று தலையாட்டினாய். "பொய் இல்லீன்னா எதுக்குச் சாமி அடிச்சே?" என்றேன். "நிறுத்திருங்கம்மா. எல்லாரு அம்மா மாதிரியும் இருங்கம்மா" என்று அழுதாய். மடியில் போட்டுக்கொண்டு தலையைத் தடவினேன், உதட்டுக்கு மருந்து போட்டேன், உனக்குப் பிடித்த பருப்பு சாதம் ஊட்டினேன். நாடகத்தை நிறுத்தவில்லை. அந்த வாரமும் போய் நடித்துவிட்டு வந்தேன். நீ பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கு நான் மன்னிப்புக் கேட்பேன் என்று நீ எதிர்பார்த்துக்கொண்டே வளர்ந்தாய் என்று எனக்குத் தெரியும். கேட்கமாட்டேன். உனக்காக நான் எதை வேண்டுமானாலும் விட்டிருப்பேன். ஆனால் அன்றைக்கு இதை விட்டிருந்தால், உன் அம்மா வெட்கப்பட வேண்டிய காரியம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தாள் என்று நானே உனக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போல ஆகியிருக்கும். அந்தப் பொய்யை என் பிள்ளைக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. உன் உதட்டுக் காயம் நான்கு நாளில் ஆறிவிட்டது. அந்தப் பொய் ஆறியிருக்காது.

பள்ளிக்கூடத்தில் புதுச் செயலாளர் வந்ததும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கெட்டவர் இல்லை. எழுந்து நின்று நாற்காலி காட்டினார், காப்பி வரவழைத்தார். "டீச்சர், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாதுங்க. பெத்தவங்க வந்து கேக்கறாங்க. நூல் வியாபாரி ஒருத்தரு, என்ற பொண்ணு பூவாத்தாகிட்டயா பத்தாவது கணக்குப் படிக்கறதுன்னு நேத்து இதே எடத்துல உக்காந்து கேட்டுப்போட்டுப் போறாருங்க." "போன வருசம் என்ற வகுப்புல கணக்குல யாராச்சும் பெயிலுங்களா?" என்று கேட்டேன். "இல்லீங்க." "அதுக்கு முந்தின வருசம்?" "இல்லீங்க டீச்சர், விசயம் அது இல்லீங்க. பாக்கறதுக்கு ஒரு மாதிரி இருக்குதுங்களே." பாக்கறதுக்கு! அந்த ஒரு வார்த்தைக்கு எதிராக நான் என்ன மார்க் பட்டியலைக் காட்ட முடியும்? நடிப்பதை நிறுத்துவதாக ஒப்புக்கொண்டால் பத்தாம் வகுப்பு என்னிடமே இருக்கும், இல்லையென்றால் ஆறாம் வகுப்புக்கு மாற்றிவிடுவார்களாம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

யோசிக்கிறதுக்குள் நாடகமே முடிவுக்கு வந்தது. பெரிய சேனல்கள் வந்துவிட்டன. காலையிலிருந்து இரவு வரை மெட்ராஸ்காரர்கள் சிரிக்க வைக்கும்போது, குடோனில் எடுத்த எங்கள் அரைமணி நேரத்தை யார் பார்ப்பார்கள் என்று கேபிள்காரர் கையை விரித்துவிட்டார். சுந்தரத்துக்கு என் பள்ளிக்கூடச் சங்கதி தெரியும். ஒரு நல்ல எண்ணத்தோடு கடைசி வாரத்துக்கு ஒரு முடிவு எழுதிக்கொண்டு வந்தார். வக்கீல் புருஷன் கேட்கிறார், "பூவாத்தா, நீ எப்பத்தான் புத்திசாலி ஆவே?" பூவாத்தா கொண்டையை அவிழ்த்துப் பின்னிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல தமிழில், "நான் எம்.எஸ்ஸி. கணிதம் படித்தவள். இத்தனை நாள் உங்களைச் சிரிக்க வைக்கவே இப்படி நடித்தேன்" என்று கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கீழே என் பெயரும் படிப்பும் ஓடும். "உங்க செயலாளர்கிட்டயும் பேசிட்டனுங்க. நாடகம் நின்னாலும் அந்தப் பேரு போகாதேங்கறாரு. இப்படி முடிச்சாப் போதும், ஊருக்கே தெரிஞ்சிரும், பத்தாவது கிளாஸு உங்களுக்கேன்னுட்டாரு. ஒரே கல்லுல எல்லாருக்கும் நிம்மதி டீச்சர்" என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு அக்கறை அந்த மனுஷனுக்கு. சரி என்று சொல்லிவிட்டேன். அந்த வசனத்தைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. எனக்குள்ளும் அந்த ஆசை இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்? தபால் ஆபீஸ்காரர் அதைப் பார்க்க வேண்டும், நூல் வியாபாரி பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அவிநாசியில் உங்கப்பா வழிச் சொந்தத்தில் ஒரு சீர் விசேஷம். திரும்பி வர பஸ் ஸ்டாண்டில் நின்றேன். என் வயசுதான் இருக்கும், ஒரு அம்மா கூடையோடு பக்கத்தில் வந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "பூவாத்தா தானுங்களே?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த மாத்திரைய முன்னாடியும் பின்னாடியும் வெச்சீங்களே, நானும் அந்த மாதிரி ஒண்ணு பண்ணிப்போட்டனுங்க. கொழந்தைக்கு ஊத்தற மருந்து. கலக்கிக் குடுன்னாங்க. நான் சோத்துல கலக்கிக் குடுத்துப்போட்டேன். பாட்டலக் குலுக்கிக் குடுன்னு சொன்னாங்களாமா. எனக்கென்னங்க தெரியும்? அத்தன பேரு முன்னால அந்த நர்சம்மா என்னைய வஞ்சாங்க. புத்தி இருக்குதா, நீயெல்லாம் எதுக்குப் புள்ள பெத்தேன்னுட்டாங்க. மூணு வருசமுங்க. எங்கூட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லுலீங்க. அன்னைக்கு நீங்க அந்த மாத்திரைய வெச்சதும் எங்கூட்டுல எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சுப்போட்டேன். சிரிச்சுக்கிட்டே, நானும் இப்படித்தான் பண்ணுனேன்னு வாய்விட்டுச் சொல்லிப்போட்டனுங்க. ஒருத்தரும் வையிலீங்க." அதற்குள் அவர் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறித் திரும்பி, "நீங்க இப்படியே இருங்க அம்மணி. இல்லீன்னா எனக்குத் துணைக்கு ஆளில்லாமப் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீடு வந்து சேர்கிற வரைக்கும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு நல்ல தமிழில் எம்.எஸ்ஸி. என்று சொன்னால், அந்த அம்மா வீட்டில் என்ன நடக்கும்? டிவி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களில் அசடு என்று மிஞ்சப்போவது அவர் ஒருத்தர்தான். நான் கைகழுவிக்கொண்டு டாக்டர் பக்கம், நர்ஸ் பக்கம், நூல் வியாபாரி பக்கம் போய் நின்றுவிடுவேன். உங்கப்பாவிடம் சொன்னேன். பத்தாம் வகுப்பு போகும், வேலையே போனாலும் போகும் என்றும் சொன்னேன். பட்டறையில் அப்போது ஆர்டர் இல்லாத நேரம். ஆனாலும் அவர், "எனக்குப் பூவாத்தாளப் புடிக்கும். அவளப் போயி மன்னாப்புக் கேக்க வெக்காத" என்றார்.

சுந்தரத்திடம் நான் முன்கூட்டி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் என் நன்மைக்காக என்னைத் தடுப்பார். விளக்கு போட்டார்கள், பேனை நிறுத்தினார்கள். கண்ணாடியும் தலைப்பின்னலுக்கு நாடாவும் மேஜைமேல் தயாராக இருந்தது. கதிர்வேல் அன்றைக்கு மட்டும் வசனத்தைத் தப்பில்லாமல் சொன்னார். "பூவாத்தா, நீ எப்பத்தான் புத்திசாலி ஆவே?" நான் மேஜைப் பக்கம் திரும்பவே இல்லை. அவரை நன்றாக மேலும் கீழும் பார்த்தேன். அரை மூச்சு பொறுத்தேன். "நீங்க ஒருத்தரு இருக்கீங்களேங்க மாமா. ஒரு ஊட்டுக்கு ஒண்ணு போதாதுங்களா?" என்றேன். கதிர்வேலுக்கு அடுத்து என்ன வசனம் என்று தெரியாது, ஏனென்றால் இப்படி ஒரு இடத்துக்கு வசனமே எழுதவில்லை. அந்த மனுஷன் அப்படியே சிரித்தார். நடிப்பில்லாத சிரிப்பு. தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "போதுமாத்தா, நான் ஒருத்தனே அதிகம்" என்றார். ஒன்றரை வருடத்தில் அவர் சொந்தமாகப் பேசிய ஒரே வசனம் அதுதான். சுந்தரம் 'கட்' சொல்ல மறந்து நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து என்னிடம் வந்து, "டீச்சர், உங்க வேலைங்க..." என்று ஆரம்பித்தார். "அத நான் பாத்துக்கறனுங்க. இத அப்படியே போடுங்க" என்றேன். போட்டார்.

திங்கட்கிழமை செயலாளர் கூப்பிட்டார். "என்னங்க டீச்சர், கடைசி வரைக்கும் சொல்லவே இல்லீங்களே?" "பூவாத்தாளுக்கு அது தெரியாதுங்களே. தெரியாதத எப்படிங்க சொல்லுவா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்த முகம் மாறுவதற்குள்ளேயே ஆறாம் வகுப்புக்கான உத்தரவையும் எடுத்துக் கொடுத்தார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் எனக்கு என்ன கோபம்? சொல்லிக்கொடுத்திருப்பேன். ஆனால் அது எனக்கான தண்டனை என்று ஊருக்கே தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைகள் தங்களை என்னவென்று நினைத்துக்கொள்வார்கள்? அவர் மேஜையிலேயே ஒரு தாள் வாங்கி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன நடந்தது என்று உன்னிடம் அப்போது விளக்கிச் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் என்னைத் துரத்திவிட்டார்கள் என்று யாரோ உனக்குச் சொல்லி, நீ அதையே நம்பி வளர்ந்திருக்கிறாய் என்பது செவ்வாய்க்கிழமை நீ போனில் பேசிய பேச்சில்தான் தெரிந்தது. இல்லை கண்ணு. உன் அம்மாவை யாரும் துரத்தவில்லை. அவள் நடந்து வெளியே வந்தாள்.

உன் கல்யாணத்துக்கு என்று சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். வருகிற பெண் முன்னால் எப்போதும் சரியாகவே இருக்கிறவனாக இருந்துவிடாதே. தெரியாததைத் தெரியாது என்று சொல். அசட்டுத்தனமாக ஏதாவது செய்தால் அவள் சிரிக்கட்டும். அவள் செய்தால் நீ சிரிக்கலாம், வையக் கூடாது. அசடாகத் தெரிந்துவிடுவோமோ என்கிற பயம் உள்ள வீட்டில் யாரும் யாரிடமும் உண்மை பேசுவதில்லை. பெண் வீட்டார் படித்தவர்கள் என்கிறாய். நல்லது. படித்தவர்கள் என்றால் நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கும். தெரியவில்லையென்றால் நான் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன், அதுதானே என் தொழில்.

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் நம் வீட்டு மாடியில் டியூசன் ஆரம்பித்தேன். வெகுநாள் ஒருத்தரும் வரவில்லை. பூவாத்தாவிடம் யார் பிள்ளையை அனுப்புவார்கள்? பரீட்சை முடிவு வந்த பிறகு ஒரு நாள், பீளமேட்டிலிருந்து ஒரு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். கவிதா என்று பெயர். கணக்கில் தேறவில்லை. "வேற டீச்சருக ஆருகிட்டயும் போகமாட்டாளாமாங்க. டிவில வந்த பூவாத்தாகிட்டன்னா போறேங்கறா. நான் என்னங்க பண்ணட்டும்?" என்றார் அந்த அம்மா, மன்னிப்புக் கேட்கிற குரலில். பெண்ணை உட்கார வைத்தேன். எது கேட்டாலும் பதில் இல்லை. தெரியாமல் இல்லை, வாயைத் திறந்தால் தப்பாகிவிடும் என்கிற பயம். பென்சிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போர்டில் a-யும் b-யும் கூட்டி அதன் வர்க்கம் என்று எழுதினேன். பூவாத்தாளின் முகத்தோடு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். பிறகு, a-க்கு ஒரு வர்க்கம், b-க்கு ஒரு வர்க்கம், ஆளுக்கு ஒன்று பிரித்துக் கொடுத்துவிட்டு, "ஆச்சு. சண்டையில்லாமப் பங்கு வெச்சுப்போட்டேன்" என்று கையைத் தட்டிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் அவள் தலை நிமிர்ந்திருக்கிறது.

"அக்கா," என்றாள். "அது தப்புங்க்கா."

"எப்படித் தப்புங்கறே? நல்லாத்தான இருக்குது."

"ரெண்டும் மூணும் போட்டுப் பாருங்க்கா. ரெண்டும் மூணும் அஞ்சு. அஞ்சஞ்சு இருவத்தஞ்சு. நீங்க போட்டதுல நாலும் ஒம்போதும் பதிமூணுதான வருது."

"அப்ப மிச்சம் பன்னெண்டு எங்க போச்சு?"

அவள் போர்டையே பார்த்தாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. அந்தப் பெண்ணின் பதினைந்து வருட வாழ்க்கையில் கணக்குப் பாடத்தில் அவள் இன்னொருவரைத் திருத்துவது அதுதான் முதல் தடவை, கண்ணு. முகம் சிவந்துவிட்டது. எழுந்து வந்தாள். என் கையிலிருந்து சாக்பீஸைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"நடுவுல ஒண்ணு விட்டுப்போட்டீங்க்கா. தள்ளுங்க, நான் போட்டுக் காட்டறேன்."

நான் தள்ளி நின்றேன்.

உன் அம்மாவேதான்